அமைதிக்குப் பழகிய மிஷின்

அத்தியாயம் 11

சனிக்கிழமை காலையில், செஞ்சி சிங்கவரம் ரோட்டில் இருக்கும் லூர்துநாதன் வீட்டு முன்னறையில் யார் யார் இருந்தார்கள், எங்கெங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுவது நல்லது.

ஜன்னல் ஓரம், கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலியில் லூர்துநாதன். மின்வாரியத்தில் வயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். முன்னால் அவர் பிடித்துக்கொண்டு நடக்கிற நாலு கால் வாக்கர். எதிரே சோபாவில் மகன் சேசுராஜ், பெங்களூரிலிருந்து விடியற்காலையே காரில் கிளம்பி வந்தவன், கைக்குட்டையை மூக்குக்குப் பக்கத்தில் வைத்தபடி. அவனுக்கு அடுத்து அவன் கம்பெனிப் பெண் ஜெயஸ்ரீ, மடியில் டேப்லெட். டி.வி. ஸ்டூலை இழுத்துப் போட்டு அதன்மேல் கேமராக்காரன் பார்த்திபன். வாசற்படியில், பாதி உடம்பு உள்ளேயும் பாதி வெளியேயுமாகப் பக்கத்து வீட்டுக் காத்தாயி.

மகள் ஜெயராணி உட்காரவில்லை. உள்கதவில் சாய்ந்து நின்றாள். அங்கே நின்றால் குளியலறைக் கதவு தெரியும்.

இன்னொன்றும் இருந்தது. மாதா படத்துக்குக் கீழே, தீப்பெட்டி அளவில், வெள்ளையாகச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்காகத்தான் இந்தக் கூட்டமே.

அது வந்த கதை தெரியாதவர்களுக்காக நாலு வரி.

லூர்துநாதனின் மனைவி ஜோசப்பின் அம்மாளை அடக்கம் செய்த மறுநாள், சேசுராஜ் தன் கம்பெனியில் செய்த அந்த மிஷினைக் கொண்டுவந்து ஒட்டினான். கேமரா கிடையாது. பேச்சைப் பதிவு செய்யாது. சத்தத்தையும் தரையின் அதிர்வையும் மட்டும் கவனித்துக்கொண்டு, வீட்டின் வழக்கத்தைத் தானாகக் கற்றுக்கொள்ளும். வழக்கம் மாறினால், உள்ளேயே இருக்கும் சிம் வழியாகச் சேசுராஜின் போனுக்குச் செய்தி போகும். "நம்ம மூள மாதிரியே செஞ்ச சிப்புக்கா. ஃபேன் ஓடுற சத்தம் உன் காதுல விழுதா? நின்னுச்சின்னாதான தெரியுது? அந்த மாதிரி. பழகினதுக்கு அது தூங்கும். புதுசா எதுனா வந்தாதான் முழிக்கும். அதனாலதான் ஒரு பொத்தான் பேட்டரியில ஒரு வருசம் ஓடுது" என்று அன்றைக்கு அவன் அக்காவுக்கு விளக்கினான்.

அப்போதே லூர்துநாதன் சொன்னார். "கரண்டு திங்காத மிஷினு, வேலையும் செய்யாது பாரு."

துக்க வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு, போன மாதம் ஒரு காலையில், ஜெயராணி இட்லி டப்பாவோடு வந்து தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்தபோது, அவளுடைய நைனா லூர்துநாதன் குளியலறைத் தரையில் சுவரில் சாய்ந்து கிடந்தார். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து. அவர் மேலேயே எல்லாம் போயிருந்தது. காய்ந்திருந்தது. காலிலும் வேட்டியிலும் எறும்பு சாரை சாரையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஜெயராணி போட்ட சத்தத்தில் தெருவே ஓடிவந்தது. அவர் வாயில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே சேசுராஜின் போன் வந்தது. "அக்கா, நைனாவுக்கு இன்னா ஆச்சி? மிஷின் அலர்ட் குடுத்துச்சி!"

முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குக் கீழே படுத்துக் கிடந்த நாள்களில் அந்தத் தீப்பெட்டியை நினைத்து ஜெயராணி கையெடுத்துக் கும்பிடக்கூடச் செய்தாள். பெங்களூரில் இருக்கிறவனுக்குச் சொல்லிவிட்டதே!

அந்தச் சாயங்காலம் ஜெயராணி எங்கே இருந்தாள் என்று இதுவரை அவளை யாரும் கேட்கவில்லை.

*

"லைட்டிங் நல்லா இருக்கு சார்" என்றான் பார்த்திபன். "அந்தப் பெனாயில் வாடைதான் தாங்கல. ஜன்னல தொறக்கலாமா?"

"தொறந்தா பஸ்ஸு சத்தம் வரும். அமாவாசை இன்னிக்கி. மேல்மலையனூர் ஸ்பெஷல் வுட்ருக்கான்" என்றான் சேசுராஜ்.

 பெனாயில் ஜெயராணி ஊற்றியதுதான். தினமும் ஊற்றுகிறாள். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தாயிற்று, எலுமிச்சைத் தோலால் தேய்த்தாயிற்று. கழுவக் கழுவ அந்த நாற்றம் தரை ஓட்டின் இடுக்குக்குள் போய் ஒளிந்துகொண்டு, அவள் சோற்றில் கை வைக்கிற நேரமாகப் பார்த்துத் திரும்பி வந்தது. தம்பி இவ்வளவு தூரம் வந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அந்தக் கைக்குட்டையைப் பிடுங்கி எறியலாமா என்று இருந்தது.

ஜெயஸ்ரீ டேப்லெட்டைப் பார்த்து முகம் சுளித்தாள். "சார், காலையிலேருந்து ரெட்லயே இருக்கு."

சுவரிலிருந்த மிஷினிலும் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு சிவப்புப் புள்ளி மினுக்கி மினுக்கி அணைந்தது.

"எதுக்கும்மா செவப்பு?" என்று லூர்துநாதன் கேட்டார். "நான் உசுரோடதான இருக்கேன்?"

"அய்யோ அங்கிள், அது ஒண்ணுமில்ல. வீட்டுல இத்தன பேர் இருக்கோம் இல்லையா? அதுக்கு இது புதுசு."

"ஆமாமா. எனக்குக்கூட புதுசுதான்."

பார்த்திபன் சிரித்தான். சேசுராஜ் சிரிக்கவில்லை. வாசற்படியிலிருந்து காத்தாயி குரல் கொடுத்தாள்.

"அது இன்னா பொண்ணே புதுசு? ஜோசப்பினு செத்தப்ப இந்தக் கூடம் கொள்ளாம சனம் இருந்துச்சி. தெனம் சாயங்காலம் ஏழு மணிக்கு இவங்க செபமால சொல்லுவாங்க, ஒரு மாசம். எனக்கு இன்னா தெரியும் அதெல்லாம், நான் மாரியாத்தாவ கும்புடறவ. சும்மா வாய அசச்சினு அந்த மிஷினையே பாத்துனு இருப்பேன். அப்பல்லாம் பச்சயாத்தான் இருந்துச்சி."

"அது அப்ப பாட்டி" என்றான் சேசுராஜ் அவசரமாக. "பார்த்திபன், லெட்டர் ஷாட்ட மொதல்ல எடுத்துடலாமா?"

காத்தாயி விட்டுவிட்டாள். ஆனால் அவள் சொன்னது ஜெயராணியின் மனதில் பல்லிடுக்கில் மாட்டிய நார்போல நின்றுவிட்டது. அப்போது பச்சை. இப்போது சிவப்பு. அதே கூடம்தானே?

*

லெட்டர் என்பது கம்பெனி அச்சடித்துக் கொண்டுவந்த ஒரு தாள். சேசுராஜ் அதை அக்காவிடம் நீட்டினான்.

"நைனாவுக்குக் கை நடுங்குது. நீ எழுதுக்கா, அவுரு கையெழுத்துப் போட்டா போதும். தாலுகா ஆபீஸ் எதிர்ல ஊருக்கெல்லாம் மனு எழுதித் தர்ற. உன் கையெழுத்து முத்து முத்தா இருக்கும்."

ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஜெயராணிக்கு எந்தத் தாள் கைக்கு வந்தாலும் 'அனுப்புநர்' என்ற இடத்திலிருந்துதான் படிக்க வரும். அனுப்புநர், லூர்துநாதன். பெறுநர், கம்பெனியின் நிர்வாக இயக்குநர். பொருள், நன்றி தெரிவித்தல். அதன்கீழ் இருந்தது இது:

'நான் குளியலறையில் விழுந்ததைத் தங்கள் கருவி உடனே உணர்ந்து என் மகனுக்குத் தெரிவித்தது. தகவல் சென்ற இரண்டே நிமிடங்களில் எனக்கு உதவி கிடைத்தது. தனியாக வாழும் என்னைப் போன்ற பெரியவர்களுக்கு இது மூன்றாவது பிள்ளை.'

"மூணாவது புள்ளயா?" என்றாள் ஜெயராணி.

"மார்க்கெட்டிங்ல எழுதினதுக்கா. நல்லா இருக்குல்ல?"

"உடனேன்னு போட்டிருக்குது. நைனா ராத்திரி பூரா கெடந்தாருடா."

"அலர்ட் வந்ததும் ஹெல்ப்பு வந்ததும் ரெண்டு நிமிஷ கேப்புதான். சிஸ்டத்துல இருக்குது. பொய் இல்ல." குரலைத் தாழ்த்தினான். "இந்த லெட்டரும் வீடியோவும் திங்கக்கெழம போயிட்டா, ரெண்டாயிரம் வீட்டுக்கு ஆர்டர் வருதுக்கா. எல்லாம் நம்ம நைனா மாதிரி தனியா இருக்கறவங்க. டீமுக்கே நான்தான் ஹெட்டாவேன்."

ரெண்டாயிரம் வீடு. ரெண்டாயிரம் குளியலறை. ஜெயராணி தாளைத் திருப்பிக் கொடுக்கவில்லை. எழுதவும் இல்லை. மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். பொய் இல்லை என்றால், மிஷின் ஏன் ராத்திரியெல்லாம் சும்மா இருந்துவிட்டுக் காலையில் சொன்னது?

அப்போதுதான் பார்த்திபன் தொண்டையைச் செருமினான்.

"சார், ஒரு சின்ன ரீஎனாக்ட்மெண்ட் எடுத்துட்டா எமோஷனலா நிக்கும். அங்கிள் அந்த பாத்ரூம்ல, அதே எடத்துல, சும்மா ஒரு பத்து செகண்டு உக்காந்தா போதும். அக்கா அப்டியே டிபன் பாக்ஸோட ஓடி வரணும். லைட்டா ஒரு கத்து."

 வெளியே மேல்மலையனூர் பஸ் ஒன்று நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"இன்னா சொன்ன?" என்றாள் ஜெயராணி.

"கிளீன் பண்ணியாச்சு இல்லக்கா? துண்டு போட்டுக்கலாம் கீழ."

"அந்தாள எறும்பு திங்கும்போது வந்து எடுத்திருக்கலாமே கண்ணு" என்றாள் காத்தாயி வாசற்படியிலிருந்து. "இன்னும் நல்லா நின்னிருக்குமே."

ஜெயராணி தம்பியைப் பார்த்தாள். வேண்டாம் என்று அவன் சொல்வான், இதற்காவது சொல்வான் என்று காத்திருந்தாள். அவன் கைக்குட்டையை மடித்துப் பாக்கெட்டில் வைத்தான்.

"ஒரே ஒரு டேக்குக்கா. நைனாவுக்குக் கஷ்டம் இல்லாம."

அவள் வாயில் எச்சில் ஊறியது. வாந்திக்கு முன் ஊறுமே, அந்தக் கசப்பு எச்சில். கூடப் பிறந்தவன். அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பேதி வந்தால் கால் கழுவி விட்டவள் அவள்தான். அப்போது வராத அருவருப்பு இப்போது அவன் இஸ்திரி போட்ட சட்டையைப் பார்த்து வந்தது.

"முடியாது" என்றாள்.

"வுடு ராணி." லூர்துநாதன் வாக்கரைப் பிடித்து எழுந்துவிட்டார். "ஒரு தரம் உக்காந்த எடம்தான. பையன் பொழப்பு."

*

துண்டு விரித்தார்கள். ஒரு பக்கம் சேசுராஜும் ஒரு பக்கம் பார்த்திபனுமாகப் பிடித்து அவரை இறக்கினார்கள். சுவரில் முதுகு சாய்ந்ததும் அவர் தானாகவே இடது கையை அன்றைக்குப் போலவே மடக்கி வைத்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் ஜெயராணி கண்ணை மூடிக்கொண்டாள்.

"அன்னிக்கி விழலீங்க" என்று அவர் கேமராவைப் பார்த்து விளக்கினார், ஏதோ மின்வாரியத்து மேலதிகாரியிடம் சொல்வதுபோல. "கால் மரத்துப் போச்சி. செவுத்தப் புடிச்சினே அப்டியே மெள்ள சறுக்கி உக்காந்துட்டேன். எந்திரிக்க முடில. கொரலும் வரல."

"சூப்பர் அங்கிள். இப்ப பேச வேணாம். எல்லாரும் கொஞ்சம் சைலண்ட். மூச்சுகூட விடாதீங்க. மேடம், மிஷின் அலர்ட் ஆவுறத டேப்லெட்ல காட்டுங்க, அதையும் சேத்து ஃப்ரேம்ல எடுக்கறேன்."

பார்த்திபன் கேமராவைத் தூக்கினான். ஜெயஸ்ரீ டேப்லெட்டைக் கூடத்தில் உயர்த்திப் பிடித்தாள். ஜெயராணி டிபன் டப்பாவோடு வாசலருகே நிறுத்தப்பட்டாள். காத்தாயிகூட வாயை மூடினாள்.

வீடு அடங்கியது. குளியலறைக் குழாய் மட்டும் சொட்டியது.

தரையில் ஒரு கிழவர் சுவரில் சாய்ந்து அசையாமல் கிடக்கிறார். சத்தம் இல்லை. நடமாட்டம் இல்லை.

சிவப்புப் புள்ளி ஒரு முறை மினுக்கியது. இன்னொரு முறை. பிறகு மினுக்கவில்லை.

டேப்லெட்டின் திரை மெல்ல நிறம் மாறியது. பச்சை. அதன்மேல் எழுத்து வந்தது. 'எல்லாம் வழக்கம் போல்.'

"என்ன மேடம் கிரீன் ஆயிடுச்சு?" என்று பார்த்திபன் கிசுகிசுத்தான்.

 ஜெயராணி அந்தப் பச்சையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நைனா கிடக்கிறார், மிஷின் வழக்கம் போல் என்கிறது. எறும்பு ஏறிக்கொண்டிருந்தபோதும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கும். ராத்திரி முழுக்க. பச்சையாக.

"அட பாவிங்களா!" காத்தாயியின் குரல் கூடத்தைக் கிழித்தது. "கெழவன தூக்குங்கடா! கெடக்கறாரு, நின்னு வேடிக்க பாக்கறீங்க!"

டேப்லெட் சட்டென்று சிவந்தது. சேசுராஜின் பாக்கெட்டில் போன் கிணுகிணுத்தது.

"ஆங், வந்துடுச்சு, வந்துடுச்சு!" என்று குதித்தான் பார்த்திபன். "இது சூப்பர் டேக்!"

ஜெயராணியின் கையிலிருந்த டப்பா கீழே விழுந்து உருண்டது. அன்று காலையிலும் இப்படித்தான். நைனா விழுந்ததற்கு அது கத்தவில்லை. அவள் வந்து போட்ட கூச்சலுக்குக் கத்தியிருக்கிறது. அவள் வந்த பிறகு தகவல் போயிருக்கிறது. பிறகு எப்படி ரெண்டு நிமிஷத்தில் உதவி வராது? உதவி ஏற்கெனவே உள்ளே நின்று அலறிக்கொண்டிருந்ததே!

அந்த மிஷினையா ஆஸ்பத்திரியில் கும்பிட்டோம் என்று நினைத்தபோது தன் கையையே கழுவ வேண்டும்போல் இருந்தது அவளுக்கு.

"ஏம்மா" என்று ஜெயஸ்ரீயைப் பார்த்துக் கேட்டாள். "அம்மா செத்தப்ப ஜனம் இருந்தா பச்ச. இப்ப ஜனம் வந்தா செவப்பு, யாரும் இல்லன்னா பச்ச. எப்ப மாறிச்சி இது?"

ஜெயஸ்ரீ பாவம், பாராட்டு என்று நினைத்துத்தான் சொன்னாள். "அது சார் ரீலேர்ன் குடுத்தாரு மேடம். ஃபர்ஸ்ட் மந்த் அந்தப் பிரேயர் எல்லாத்தையும் நார்மல்னு கத்துக்கிச்சு. அப்புறம் எல்லாரும் போனதும் டெய்லி ஈவினிங் ஏழு மணிக்கு அலர்ட். வீடு சைலண்ட்டா இருக்குன்னு. சார்தான் ரிமோட்லேயே அழிச்சுட்டு, இந்த சைலன்ஸ்தான் நார்மல்னு திரும்பக் கத்துக் குடுத்தாரு. அதுக்கப்புறம் ஒரு ஃபால்ஸ் அலாரம்கூட..."

அவள் சேசுராஜின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

*

நைனாவைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்து வேட்டி மாற்றினார்கள். கம்பெனிக் கணக்கில் வந்த பிரியாணிப் பொட்டலங்கள் பிரிக்கப்பட்டன. பார்த்திபன் எலும்பைக் கடித்துக்கொண்டே, செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை பின்னால் தெரிகிற மாதிரி ஒரு ஷாட் எடுக்க வேண்டும், வெயில் இறங்குவதற்குள் போக வேண்டும் என்றான். பிரியாணி வாசனையும் பெனாயில் வாடையும் கலந்து அடித்தது. ஜெயராணி கொல்லைப் பக்கம் போய்க் காலையில் குடித்த காப்பியைக் கக்கிவிட்டு வாயைக் கொப்பளித்தாள்.

நிமிர்ந்தபோது சேசுராஜ் பின்னால் நின்றான்.

"அக்கா, நான் சொல்றத கேளு. அந்த நேரத்துல எனக்கு மீட்டிங்கு. தெனம் அடிச்சா இன்னா பண்றது? மொத ரெண்டு நாளு நைனாவுக்குப் போன் போட்டேன். 'ஒண்ணுமில்லடா, சும்மா உக்காந்துனு இருக்கேன்'ன்னாரு. மூணாவது நாளும் சும்மாதான் உக்காந்துனு இருந்தாரு."

"அதான் மிஷின் சொல்லிச்சேடா. ஒருத்தன் சும்மா உக்காந்துனு இருக்கான், வந்து பாருன்னு. மிஷினுக்கே அது சரியில்லன்னு தோணிச்சி. நீ அத அடிச்சி அடக்கி, இதுதான் சரின்னு பாடம் நடத்தியிருக்க."

"தப்புதான். சாஃப்ட்வேர்ல சரி பண்ணிடலாம். ஆனா லெட்டர்ல இதெல்லாம் வேணாம்." ஒரு பெரிய உறையை நீட்டினான். விலாசம் அச்சடித்து ஒட்டியிருந்தது. "நான் இப்டியே திருவண்ணாமல வழியா கெளம்பறேன். இன்னிக்கே எழுதி, கையெழுத்து வாங்கி, ஸ்பீடு போஸ்ட்ல போட்டுடு. ஒரிஜினல் வேணும்னு எம்.டி. கேட்டாரு. நேரா அவுரு டேபிளுக்குப் போவும்."

"நேரா அவருக்கா?"

"ஆமாக்கா. யாரும் நடுவுல பிரிக்க மாட்டாங்க."

ஜெயராணி உறையை வாங்கிக்கொண்டாள். அவள் இவ்வளவு லேசாக வாங்கிக்கொண்டதில் சேசுராஜுக்குக் கொஞ்சம் ஆச்சரியம்தான். நன்றி சொல்வதுபோல அவள் தோளைத் தொட வந்தான். அவள் விலகிக்கொண்டாள்.

கார் கிளம்பும்போது ஜெயஸ்ரீ மட்டும் கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கண்ணாடி ஏறிவிட்டது.

*

ஜெயராணி கூடத்தில் தரையில் உட்கார்ந்து, பலகையை மடியில் வைத்து, வெள்ளைத் தாளில் மார்ஜின் மடித்தாள். காத்தாயி தன் வீட்டுக்குப் போய்விட்டாள். பிரியாணி எலும்புகளை வாரிக் குப்பையில் போட்டாயிற்று. ஆள் நடமாட்டம் அடங்கியதும் சுவரில் மிஷின் மறுபடி நிம்மதியாகிவிட்டது. சிவப்பு இல்லை.

அனுப்புநர், பெறுநர் எழுதினாள். 'பொருள்' என்று எழுதிவிட்டு நிமிர்ந்தாள்.

"நைனா, கம்பெனிக்காரன் எழுதினத எழுதவா? இல்ல நடந்தத எழுதவா?"

லூர்துநாதன் கண்ணைச் சுருக்கி அவள் மடியிலிருந்த தாளைப் பார்த்தார். அவருடைய கண்ணாடி அன்றைக்குக் குளியலறையில் உடைந்துபோயிற்று. புதியது இன்னும் வரவில்லை. எழுதியதைப் படித்துப் பார்க்க அவரால் முடியாது.

"நடந்தத எழுதினா அவன் வேல போவுமா?"

"போனாலும் போவும்."

"எழுதலன்னா?"

"இன்னும் ரெண்டாயிரம் செவுத்துல இத ஒட்டுவாங்க."

அவர் தலையை ஆட்டினார். கம்பத்தில் ஏறுவதற்கு முன் லைன் அணைந்திருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி ஒரு நிதானம்.

"நான் சொல்றேன். நீ நல்ல தமிழ்ல போட்டுக்க. நான் விழுந்தத மிஷினு சொல்லல."

ஜெயராணி எழுதினாள். 'நான் தவறி அமர்ந்து எழ இயலாமல் கிடந்ததைத் தங்கள் கருவி தெரிவிக்கவில்லை.'

"அதுக்கு முன்னாடி அது தெனம் சொல்லிச்சி. ஆளில்லன்னு. என் பையன் அத கேக்கல. வாய மூட வச்சான்."

பேனா ஓடியது. கடையில் யார் யாருக்கோ எத்தனையோ மனு எழுதியிருக்கிறாள். எதிலும் இப்படி ஒரு ஆசையோடு எழுதியதில்லை. அந்த ரீலேர்னை, மடித்து வைத்த கைக்குட்டையை, ஒரே ஒரு டேக்கை, எல்லாவற்றையும் தாளில் துப்புவதுபோல எழுத்து எழுத்தாக இறக்கினாள். 'என் மகன் திரு. சேசுராஜ்' என்று பெயரைப் போட்டு, தொடர்ந்து எழுதி, முற்றுப்புள்ளியை அழுத்தி வைத்தாள்.

"அவ்ளோதான நைனா? இப்படிக்கு போட்டுடவா?"

"இன்னொண்ணு கீது."

"சொல்லு."

"பொண்ணு வரல."

பேனா நின்றது.

"மாதா கோயிலு மணி அடிக்கிற வரைக்கும் வாசல் கதவு சத்தம் கேக்குதான்னு பாத்துனு கெடந்தேன்" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. "அம்மாவோட மாசப் பூச முடியற வரைக்கும் தெனம் கடைய சாத்திட்டு வருவ. அப்பறம் நின்னுட்ட. நானும் கேட்டுக்கல. அதையும் போடு. முழுசா போடணும். பாதிய போட்டா அவனுங்க எழுதினதுக்கும் நம்ம எழுதினதுக்கும் இன்னா வித்தியாசம்?"

சுவரில் மிஷின் மினுக்காமல் இருந்தது. எல்லாம் வழக்கம் போல்.

அந்தச் சாயங்காலம் அவள் கடையை அடைத்துவிட்டு வண்டியில் இந்தத் தெருமுனை வரை வந்தாள். தெருவுக்குள் திரும்பவில்லை. நைனா மறுபடி அம்மாவின் கடைசி நாள் கதையை முதலிலிருந்து ஆரம்பிப்பார். வியர்வையும் தைலமும் கலந்த அந்தக் கிழட்டு வாடை அறையெல்லாம் இருக்கும். மிஷின்தான் இருக்கிறதே என்று நேரே வீட்டுக்குப் போய் இட்லிக்கு மாவு கரைத்து வைத்தாள். சேசுராஜுக்காவது ஒரு பொத்தானை அழுத்த வேண்டியிருந்தது. அவளுக்கு அதுகூட வேண்டியிருக்கவில்லை.

காலையிலிருந்து தம்பியைப் பார்த்துக் குமட்டியது எல்லாம் இப்போது திரும்பி அவள் தொண்டைக்கே வந்தது. நைனாவுக்குக் கண்ணாடி இல்லை. அந்த வரியை எழுதாமல் 'இப்படிக்கு' போட்டால் அவருக்குத் தெரியப்போவதில்லை.

தாளைப் பார்த்தாள். முத்து முத்தான கையெழுத்து. அதே கையெழுத்தில், அதே அளவில், அடுத்த வரியை எழுதினாள்.

'இதே ஊரில் வசிக்கும் என் மகள் திருமதி. ஜெயராணி, கருவி இருக்கிறது என்ற எண்ணத்தில் அன்று மாலை வரவில்லை.'

வாய்விட்டுப் படித்துக் காட்டினாள். அவர் கேட்டுக்கொண்டார். நடுங்கும் அவர் கையைப் பிடித்துக்கொள்ள அவள் கை நீட்டியபோது, வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, நேரம் எடுத்துக்கொண்டு, லூ-வில் தொடங்கி முழுப் பெயரையும் போட்டார்.

ஜெயராணி எழுந்து போய் மாதா படத்துக்குக் கீழே இருந்த தீப்பெட்டியை நெம்பி எடுத்தாள். சுவரில் சுண்ணாம்பு கொஞ்சம் பெயர்ந்து வந்தது. கையில் எடை இல்லாமல் இருந்தது. அதையும் கடிதத்தோடு உறைக்குள் போட்டாள்.

"சாயங்காலம் வரேன் நைனா. இங்கயே படுத்துக்கறேன்."

"சரி" என்றார். நம்பினாரா என்று முகத்தில் தெரியவில்லை.

*

கூட்டு ரோட்டில் மேல்மலையனூர் பஸ்களுக்காக வேப்பிலையும் எலுமிச்சம்பழமுமாய் ஜனம் நின்றது. ஹாரனுக்கு நடுவே வண்டியை உருட்டிக்கொண்டு அவள் தபால் நிலையத்துக்குள் நுழைந்தபோது கவுண்டரை மூடப் போகிற நேரம். மேஜையில் வைத்து உறையின் வாயில் பசை தடவினாள். ஓரத்தை விரலால் அழுத்தி ஒட்டினாள். திறக்கிறதா என்று ஒருமுறை நகத்தால் கீறிப் பார்த்தாள். திறக்கவில்லை.

கவுண்டரில் இருந்தவர் உறையை எடை போட்டார். "உள்ள இன்னாம்மா, கெட்டியா தட்டுப்படுது?"

"கம்பெனிப் பொருளு சார். திருப்பி அனுப்பறோம்."

அவள் கைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். தம்பி. வழியிலேயே பலமுறை கூப்பிட்டிருக்கிறான், பஸ் சத்தத்தில் கேட்கவில்லை. வண்டி குலுக்கலும் ஹாரனும் ஜனமுமாக, உறைக்குள்ளிருந்து அது அவனுக்கு விடாமல் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறது. வீட்டில் ஏதோ மாறிவிட்டது என்று. அவனும் இத்தனை நாளில் முதல் தடவையாக விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

"போன் அடிக்குது பாரும்மா" என்றார் அவர், முத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டே.

"அடிக்கட்டும் சார்" என்றாள் ஜெயராணி. "நீங்க குத்துங்க."

முத்திரை உறையின்மேல் தொம்மென்று விழுந்தது. அவர் அதைத் தூக்கிப் பின்னால் இருந்த பைக்குள் போட்டார். பையின் வாயை ஒருவர் சுருக்கிக் கட்டினார்.

போன் நின்றது. உடனே மறுபடியும் அடிக்க ஆரம்பித்தது.